ஆன்டிகனியைப் பங்கு பிரித்தல்: ஒரு கிரேக்கத் துன்பியலும் வகுப்பறைக் குழுவும்

ஒரு கிரேக்கத் துன்பியல் நாடகத்தைக் குழுவாகச் சேர்ந்து வகுப்பில் வழங்கச் சொன்னால், மாணவர்கள் முதல் வேலையாகத் தலைப்புகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவருக்கு ஆசிரியர் வரலாறு, ஒருவருக்குக் கதைச் சுருக்கம், ஒருவருக்குப் பாத்திரப் படைப்பு, ஒருவருக்குக் கருப்பொருள், மிச்சமிருப்பவருக்கு அரிஸ்டாட்டில். அவரவர் பங்கை அவரவர் தயாரித்து, முந்தின இரவு ஸ்லைடுகளை ஒரே கோப்பில் ஒட்டிவிட்டால் செமினார் தயார். நாடகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவர் குழுவில் ஒருவர்கூட இல்லாமலே இது நடந்து முடிந்துவிடும் என்பதுதான் சிக்கல். சுருக்கம் எழுதியவருக்கு விவாதம் தெரியாது. கருப்பொருள் பேசியவருக்குக் காட்சிகளின் வரிசை தெரியாது.

குழு சேர்ந்து செய்யும் வேலையைப் பிரிக்காமல் முடியாது. ஆனால் எந்த இடத்தில் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாடநூல் தலைப்புகளின்படி பிரிப்பதைவிட, நாடகம் தன்னைத் தானே பிரித்துக்கொண்டிருக்கும் இடங்களிலும், அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகாத இடங்களிலும் பிரிப்பது பயன் தரும். சொஃபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’யை வைத்து இதைப் பார்க்கலாம். ஏறத்தாழ கி.மு. 442 என்று ஆய்வாளர்கள் காலம் கணிக்கும் இந்த நாடகம் 1,350 வரிகளுக்குச் சற்றே அதிகம். தீப்ஸ் நகரத்துக்காகப் போரிட்டு மாண்ட எட்டியோக்ளிஸுக்கு அரச மரியாதை; நகரத்தின்மேல் படையெடுத்து வந்து மாண்ட அவன் சகோதரன் பாலினைசிஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்பது அரசன் கிரியோனின் ஆணை. சகோதரி ஆன்டிகனி அந்த ஆணையை மீறுகிறாள். கதைக்கு இவ்வளவு போதும். மீதியை மேடை சொல்லிவிடும்.

ஏதென்ஸில் யார் என்ன செய்தார்கள்

துன்பியல் நாடகம் பிறந்ததே ஒரு கூட்டு வேலையாகத்தான். ஆண்டுதோறும் மார்ச் அல்லது ஏப்ரலில் வரும் நகர டயோனிசியா விழாவில், அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்த டயோனிசஸ் அரங்கில் மூன்று நாடகாசிரியர்கள் போட்டியிட்டனர். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல்களும் ஒரு சாட்டிர் நாடகமும் தர வேண்டும். ஆசிரியர் முதலில் ஆர்க்கன் என்ற நகர அதிகாரியிடம் போய்ப் பாடற்குழு கேட்பார். அதிகாரி மூவரைத் தேர்ந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு செல்வந்தரைப் பொறுப்பாக்குவார். கொரேகோஸ் எனப்பட்ட அந்தச் செல்வந்தர் பாடற்குழுவின் பயிற்சி, சாப்பாடு, உடை எல்லாவற்றுக்கும் பணம் போட வேண்டும். எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ கி.மு. 472இல் அரங்கேறியபோது அந்தச் செலவை ஏற்றவர், பின்னாளில் ஏதென்ஸையே நடத்திய பெரிக்ளிஸ்.

செலவு சாதாரணமானதல்ல. லிசியஸ் எழுதிய ஒரு நீதிமன்ற உரையில் ஒருவர், ஒரு துன்பியல் பாடற்குழுவுக்குத் தான் 3,000 திராக்மா செலவிட்டதாகக் கணக்குச் சொல்கிறார். அதே காலத்தில் எரெக்தியம் கோயில் கட்டிய கைவினைஞருக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி. அதாவது ஒரு கொத்தனாரின் எட்டு ஆண்டுக் கூலிக்கு மேல் ஒரே ஒரு விழாவில் கரைந்திருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி போனது பயிற்சிக்கு. பாட்டு, மெட்டு, ஆட்ட அசைவு எல்லாவற்றையும் பல மாதம் சொல்லிக்கொடுத்தவர் பெரும்பாலும் நாடகாசிரியரே.

பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதில் வரும் ஆபத்துக்கும் அக்காலத்துச் சான்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 419இல், தர்கேலியா என்ற வேறொரு விழாவுக்குச் சிறுவர் பாடற்குழு ஒன்றைத் தயார் செய்யும் பொறுப்பு ஒரு கொரேகோஸுக்கு வந்தது. தன் வீட்டிலேயே பயிற்சிக்கூடம் அமைத்தார். வேறொரு வழக்கில் மூழ்கியிருந்ததால் மேற்பார்வையை நான்கு பேரிடம் பிரித்து ஒப்படைத்தார். குரல் வளத்துக்காக என்று கொடுக்கப்பட்ட ஏதோ ஒரு மருந்தைக் குடித்து டியோடோட்டஸ் என்ற சிறுவன் இறந்துபோனான். கொலைக் குற்றச்சாட்டை மறுத்து அந்தக் கொரேகோஸ் பேசுவதற்கு ஆன்டிஃபோன் எழுதிக் கொடுத்த உரை நமக்குக் கிடைத்திருக்கிறது. மருந்து கொடுக்கச் சொன்னதும் நானில்லை, கொடுத்ததும் நானில்லை, அப்போது நான் அங்கே இருக்கவும் இல்லை என்பதே அவர் வாதம். எல்லாம் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் யாருமில்லை.

குறைந்த நடிகர்கள், நிறையப் பாத்திரங்கள்

பேசும் நடிகர்கள் மூன்று பேர் என்பது அக்கால மேடை வழக்கம். ஒன்றிலிருந்து இரண்டாக்கியவர் எஸ்கிலஸ், மூன்றாக்கியவர் சொஃபோக்ளிஸ் என்று அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். எல்லோரும் ஆண்கள், முகமூடி மாற்றி மாற்றி நடிப்பார்கள். இவர்களைத் தவிர, பாடியும் ஆடியும் இடையிடையே பேசியும் நாடகத்தை நடத்திச் செல்லும் பாடற்குழு ஒன்று. அதில் பன்னிரண்டாக இருந்த ஆட்களைச் சொஃபோக்ளிஸ் பதினைந்தாக உயர்த்தினார் என்பது பழைய வரலாற்றுக் குறிப்பு.

‘ஆன்டிகனி’யில் ஆன்டிகனி, இஸ்மீனி, கிரியோன், காவலன், ஹீமோன், தைரீசியஸ், தூதன், கிரியோனின் மனைவி யூரிடிசி என்று எட்டுப் பாத்திரங்களும், இறுதியில் அரண்மனைச் செய்தி கொண்டு வருபவனும் பேசுகிறார்கள். இத்தனை பேரையும் மூவர் நடிக்க வேண்டும் என்றால், யார் எப்போது மேடையை விட்டுப் போகிறார், எத்தனை வரி கழித்து இன்னொருவர் வருகிறார் என்ற கணக்கு நாடகத்தின் உள்ளேயே இருந்தாக வேண்டும். காவலன் காட்சியைப் பாருங்கள். கையும் களவுமாகப் பிடித்த ஆன்டிகனியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கிரியோன் அவனைப் போகச் சொல்லும் இடம் 445ஆம் வரியை ஒட்டி. இஸ்மீனி அழுதுகொண்டே வருவது 526ஆம் வரிக்குப் பிறகு. மேடையில் கிரியோனும் ஆன்டிகனியும் இருப்பதால் மிச்சமிருப்பது இன்னொரு நடிகர்தான். தன் உயிர் தப்பியதில் மகிழ்ந்து போன காவலனும், சகோதரியோடு சேர்ந்து சாகத் துணிந்து வரும் இஸ்மீனியும் ஒரே ஆள். உடையும் முகமூடியும் மாற்ற அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ எண்பது வரி நேரம்.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. திருமணம் நிச்சயிக்கப்பட்ட ஆன்டிகனியும் ஹீமோனும் நாடகம் முழுவதிலும் மேடையில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. தந்தை கிரியோனோடு வாதாடிவிட்டு ஹீமோன் கோபமாக வெளியேறுகிறான். காதலின் ஆற்றலைப் பற்றிப் பாடற்குழு பாடுகிறது. அதன்பின் மரணத்துக்கு அழைத்துச் செல்லப்படும் ஆன்டிகனி வருகிறாள். இருவரையும் ஒரே நடிகர் செய்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

கிரியோனை நடித்தவர் யார் என்பதற்கு அரசியல் மேடையிலிருந்து சான்று கிடைக்கிறது. கி.மு. 343இல் டெமாஸ்தனிஸ் தன் எதிரி எஸ்கினஸ்மேல் தொடுத்த வழக்கில், முன்னாள் நடிகரான எஸ்கினஸ் புகழ்பெற்ற நடிகர்களுடன் ‘ஆன்டிகனி’யில் மூன்றாம் நடிகராகக் கிரியோன் வேடம் போட்டவர் என்று நினைவூட்டுகிறார். செங்கோல் பிடித்துக் கொடுங்கோலனாக வருவது மூன்றாம் நடிகர்களுக்குக் கிடைக்கும் பாக்கியம் என்று குத்துகிறார். பிறகு, நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்ற பொருளில் கிரியோன் பேசும் பகுதியை நீதிமன்றத்தில் படிக்கச் சொல்லி, இதைப் பல முறை மேடையில் சொன்ன நீயே கடைப்பிடிக்கவில்லையே என்று மடக்குகிறார். முதல் அரங்கேற்றத்துக்கு நூறு ஆண்டு பிந்தைய மறுமேடையேற்றம் பற்றிய சான்று இது. ஆனால் இன்று கொடுங்கோலனின் வாயிலிருந்து வருவதாக நாம் படிக்கும் பேச்சை, ஓர் ஏதென்ஸ் தலைவர் நல்ல குடிமகனின் இலக்கணமாக எடுத்துக்காட்ட முடிந்திருக்கிறது. ‘கிரியோன்: வில்லன்’ என்று ஸ்லைடு போடத் தயாராக இருக்கும் குழு இந்த ஒரு சான்றுக்காகவாவது சற்று நிதானிக்க வேண்டும்.

அரிஸ்டாட்டிலின் இடம்

கிரேக்கத் துன்பியல் என்றாலே அரிஸ்டாட்டிலின் ‘கவிதையியல்’ நூலிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. காலக் கணக்கைப் பார்த்தாலே இதன் பிழை புரியும். சொஃபோக்ளிஸ் இறந்தது கி.மு. 406 வாக்கில்; அரிஸ்டாட்டில் பிறந்தது கி.மு. 384இல். அவர் எழுதியது நாடகாசிரியர்கள் பின்பற்றிய விதிகள் அல்ல. பல பத்தாண்டுகள் கழித்து, பழைய நாடகங்களைப் பார்த்தும் படித்தும் ஒருவர் செய்த திறனாய்வு. இடம், காலம், செயல் என்னும் ‘மூன்று ஒருமைகள்’ அவர் விதித்தவை என்பதும் தவறு. செயலின் ஒருமையை அவர் வலியுறுத்தினார். துன்பியல் ஒரே நாளுக்குள் அடங்கப் பார்க்கிறது என்று கவனித்துச் சொன்னார். இடத்தைப் பற்றி விதி எதுவும் இல்லை. மூன்றையும் சட்டமாக்கியது 1570இல் இத்தாலிய உரையாசிரியர் கஸ்தெல்வெத்ரோ. எஸ்கிலஸின் ‘யூமெனிடிஸ்’ டெல்ஃபியில் தொடங்கி ஏதென்ஸுக்கு இடம் மாறுகிறது என்பதே போதுமான மறுப்பு.

அவரைப் பயன்படுத்துவதென்றால் அவர் ‘ஆன்டிகனி’யைப் பற்றி நேராகச் சொன்ன இடத்துக்குப் போகலாம். 14ஆம் அதிகாரத்தில், தெரிந்தே ஒரு கொடுஞ்செயலுக்குத் துணிந்து கடைசியில் செய்யாமல் விடுவதைத் துன்பியலுக்கு மிகவும் பொருந்தாத அமைப்பு என்கிறார். அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு, ஹீமோன் கிரியோன்மேல் பாய்வது. நாடகத்தில் இது ஆன்டிகனியைச் சாகும்படி அடைத்த குகைக்குள் நடந்ததாகத் தூதன் வாயிலாக வருகிறது: மகன் வாளோடு தந்தைமேல் பாய்கிறான், குறி தவறுகிறது, வாளைத் தன் விலாவிலேயே பாய்ச்சிக்கொள்கிறான். இது உண்மையிலேயே பலவீனமான காட்சியா என்று அரிஸ்டாட்டிலோடு வாதாடும் ஒரு மாணவர், கதார்சிஸுக்கு வரையறை ஒப்பிக்கும் மாணவரைவிட வகுப்புக்கு நிறையத் தருவார். 18ஆம் அதிகாரத்தில் வரும் இன்னொரு கருத்தும் நேரடியாகப் பயன்படும்: பாடற்குழுவையும் நடிகர்களில் ஒருவராகக் கொள்ள வேண்டும், யூரிப்பிடிஸ் செய்வதுபோல் அல்ல, சொஃபோக்ளிஸ் செய்வதுபோல்.

வெட்ட வேண்டிய நான்கு இடங்கள்

குழுவில் ஒருவருக்கு ஒரு தலைப்பு என்பதற்குப் பதில், ஒருவருக்கு ஒரு பிரச்சினை என்று கொடுத்துப் பார்க்கலாம். ‘ஆன்டிகனி’யில் அப்படி நான்கு இடங்கள் கைவசம் உண்டு.

முதலாவது, 572ஆம் வரி. ஹீமோனின் பெயரைப் பாசத்தோடு சொல்லி, உன் தந்தை உன்னை இப்படி அவமதிக்கிறாரே என்று வருந்தும் ஒற்றை வரி. கையெழுத்துப் படிகளில் இதைச் சொல்பவள் இஸ்மீனி. 1502இல் வெனிஸில் ஆல்டஸ் அச்சிட்ட பதிப்பு ஆன்டிகனிக்கு மாற்றியது. 19ஆம் நூற்றாண்டின் பெரும் பதிப்பாசிரியர் ஜெப்பும் அப்படியே கொண்டார். மாற்ற முடிந்ததற்குக் காரணம் உண்டு. பழைய படிகளில் பேசுபவர் மாறுவதைக் காட்டப் பெரும்பாலும் ஒரு சிறு கோடோ இரு புள்ளியோ மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. இந்த வரி ஆன்டிகனியுடையது என்றால், காதலனைப் பற்றி அவள் மேடையில் சொல்லும் ஒரே பாசமொழி இது. இஸ்மீனியுடையது என்றால், ஆன்டிகனி ஹீமோனைப் பெயர் சொல்லி நினைப்பதே இல்லை. பாத்திரப் படைப்பு முழுவதும் ஒரு கோட்டில் தொங்குகிறது.

இரண்டாவது, 904 முதல் 920 வரையிலான வரிகள். சாவுக்குப் போகும் வழியில் ஆன்டிகனி சொல்கிறாள்: கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இந்த ஆணையை மீறியிருக்க மாட்டேன், வேறு கணவன் கிடைப்பான், வேறு பிள்ளை பிறக்கும், பெற்றோர் இறந்துவிட்டதால் இன்னொரு சகோதரன் பிறக்க வழியில்லை. தெய்வங்களின் எழுதா நியதி எல்லார்க்கும் பொது என்று முன்பு முழங்கியவளின் வாயில் இந்தக் கணக்கு வருவதை ஜெர்மானியக் கவிஞர் கதே பொறுக்கவில்லை. இது இடைச்செருகல் என்று யாராவது அறிஞர் நிறுவிக் காட்டினால் நன்றாயிருக்கும் என்று 1827இல் எக்கர்மனிடம் சொன்னார். ஆனால் அரிஸ்டாட்டில் தம் ‘பேச்சுக்கலை’ நூலில் இந்தப் பகுதியை ஆன்டிகனியின் பேச்சாகவே எடுத்தாள்கிறார். ஹெரோடோட்டஸும் இதே தர்க்கத்தை ஒரு பாரசீகப் பெண்ணின் வாயில் வைக்கிறார்: ஓர் உயிரைக் காத்துக்கொள் என்று அரசன் டேரியஸ் அனுமதித்தபோது, இன்டஃபர்னஸின் மனைவி கணவனையும் பிள்ளைகளையும் விட்டுச் சகோதரனைக் கேட்கிறாள். அவள் காத்தது உயிரோடிருந்த சகோதரனை. ஆன்டிகனியின் சகோதரன் பிணம். தர்க்கம் பொருந்தாத இந்த இடத்தில்தான் பேச்சின் வலி இருக்கிறதா, அல்லது யாரோ சேர்த்த ஒட்டா? இந்தப் பங்கை எடுப்பவர் இரண்டு பக்கத்துக்கும் வாதம் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சட்டம். துரோகிகளின் உடலை அட்டிகா மண்ணில் புதைக்கக் கூடாது என்ற சட்டம் ஏதென்ஸிலேயே இருந்ததைச் செனொஃபன் பதிந்திருக்கிறார். துரோகக் குற்றம் சாட்டப்பட்டு அயல்நாட்டில் இறந்த தெமிஸ்டோக்ளிஸின் எலும்புகளை உறவினர் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் அட்டிகாவில் புதைத்ததாக அவர்கள் சொல்வதைத் துசிடிடிஸ் குறிக்கிறார். ஆகவே அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்குக் கிரியோனின் ஆணை அந்நியமாகப் பட்டிருக்காது. எல்லைக்கு வெளியே புதைக்கவும் விடாமல், நாய்க்கும் பறவைக்கும் உடலைப் போட்டதில்தான் அவன் வழக்கத்தைத் தாண்டினான்.

நான்காவது, இரண்டு வேலைகளின் வரிசை. குறிசொல்லி தைரீசியஸின் எச்சரிக்கைக்குப் பின் கிரியோன் நடுங்கிப்போய், என்ன செய்யட்டும் என்று பாடற்குழுவாக நிற்கும் முதியவர்களைக் கேட்கிறான். 1,100ஆம் வரியை ஒட்டி அவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்: போய்ப் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, கிடக்கும் உடலுக்குக் கல்லறை எழுப்பு. அவனும் அவளை நானே விடுவிப்பேன் என்று சொல்லிக்கொண்டு ஓடுகிறான். ஆனால் தூதன் வந்து சொல்லும்போது வரிசை புரண்டிருக்கிறது. முதலில் பாலினைசிஸின் சிதைந்த உடலைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகே குகை. அதற்குள் ஆன்டிகனி தூக்கிட்டுக்கொண்டாள். பலிபீடங்கள் தீட்டுப்பட்டுவிட்டன என்று கேட்ட அரசன் முதலில் நகரத்தின் தீட்டைக் கழிக்கப் போனான் என்று அவனுக்காக வாதிடலாம். திருந்திய பிறகும் ஆளைவிட அரசையே முன்னால் வைத்தான் என்று எதிராகவும் வாதிடலாம். பாடற்குழுவை நடிகர்களில் ஒருவராகக் கொள்வதன் பொருள் இந்த இடத்தில் வெளிச்சமாகிறது. அவர்கள் சொன்ன வரிசைப்படி நடந்திருந்தால் ஆன்டிகனி, ஹீமோன், யூரிடிசி மூவரின் சாவும் தவிர்ந்திருக்கலாம்.

தயாரிப்பும் ஒத்திகையும்

பங்கு பிரிக்கும் முன், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து நாடகத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இடைவிடாமல் படித்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடியும் நூல் இது. மொழிபெயர்ப்பை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. ஜெப்பின் உரைநடை பழையது, ஆனால் மூலத்தை ஒட்டிப் போவது. வாட்லிங்கும் ஃபேகிள்ஸும் பேசுவதற்கு எளிது. ஷேமஸ் ஹீனியின் 2004ஆம் ஆண்டு ஆக்கம் தனிக் கவிஞரின் மறுபடைப்பு. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், மூலத்தின் வரி எண்ணை வைத்தே குறிப்பெடுக்க வேண்டும். அச்சுப் பிரதியில் அடைப்புக்குறிக்குள் வரும் ‘அழுகிறாள்’, ‘கோபத்துடன்’ போன்ற மேடைக் குறிப்புகள் மொழிபெயர்ப்பாளர் எழுதியவை. அவற்றை ஆதாரமாகக் காட்டக் கூடாது. ‘ஆன்டிகனி’, ‘இடிபஸ் மன்னன்’, ‘கொலோனஸில் இடிபஸ்’ மூன்றும் ஒரே முத்தொகுதி என்ற தவறையும் இங்கேயே களைந்துவிடலாம். கதை வரிசையில் கடைசியாக வரும் ‘ஆன்டிகனி’ எழுதப்பட்டது முதலில். ‘கொலோனஸில் இடிபஸ்’ ஆசிரியர் இறந்தபின் கி.மு. 401இல்தான் மேடையேறியது.

இருபது நிமிடம் கிடைத்தால், ஐந்து பேர் கொண்ட குழு கதைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒதுக்கத் தேவையில்லை. நால்வர் நான்கு பிரச்சினைகளை எடுத்துக்கொள்ளட்டும். ஐந்தாமவர் பாடற்குழுவாக நிற்கட்டும்: ஒவ்வொருவர் பேசி முடித்ததும் அதை ஒரு வாக்கியத்தில் சுருக்கி, ஓர் ஆட்சேபம் எழுப்பி, அடுத்தவரிடம் கைமாற்றுவது அவர் வேலை. இதற்கு அவர் நால்வரின் பங்கையும் அறிந்திருக்க வேண்டும் என்பதால், குழு தானாகவே பல முறை கூடியாக வேண்டிவரும். ஸ்லைடு வேண்டுமானால் 572ஆம் வரியை இரண்டு மொழிபெயர்ப்புகளில் அருகருகே காட்டுங்கள். காவலனாகவும் இஸ்மீனியாகவும் ஒரே மாணவர் அட்டை முகமூடி மாற்றி இரண்டு நிமிடம் நடித்துக் காட்டினால், மூன்று நடிகர் வழக்கத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒத்திகை வெறும் சரிபார்ப்பு இல்லை. நாடகம் புரியத் தொடங்குவதே அங்கேதான். இதைக் காட்ட ஒரு நாடகமே இருக்கிறது. அதோல் ஃப்யூகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் ன்ட்ஷோனா மூவரும் சேர்ந்து உருவாக்கி 1973இல் கேப் டவுனில் அரங்கேற்றிய ‘தி ஐலண்ட்’. ராபன் தீவுச் சிறையில் ஓர் அறையில் இருக்கும் இருவர், சிறைக் கலைநிகழ்ச்சிக்காக ஆன்டிகனியின் விசாரணைக் காட்சியைத் தயாரிக்கிறார்கள். ஒருவன் கதையைப் பாடம்போல் ஒப்பிக்கச் சொல்கிறான். மற்றவனுக்கு நினைவில் நிற்பதில்லை. பெண் வேடம் போட்டால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று முரண்டு பிடிக்கிறான். ஆன்டிகனி குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்று எத்தனை முறை சொன்னாலும், அவள் குற்றவாளி இல்லை என்றே அடம்பிடிக்கிறான். மனப்பாடத்தில் தோற்ற அந்த ஆள்தான் நாடகத்தின் மையக் கேள்வியைத் தொட்டுவிட்டவன். அந்தத் தீவில் ‘ஆன்டிகனி’ நிஜமாகவே மேடையேறியது. கைதிகள் நடத்திய நாடகத்தில் தான் கிரியோனாக நடித்ததை நெல்சன் மண்டேலா தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். சட்டத்தை மீறியதற்காகச் சிறையிலிருந்தவர் சட்டத்தின் பக்கம் நின்று பேச வேண்டியிருந்தது. உங்கள் குழுவிலும் ஆன்டிகனியை ஆதரிப்பவரிடம் கிரியோனின் வாதத்தைக் கொடுத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

மதிப்பிடும் ஆசிரியருக்கும் ஒரு வழி சொல்லலாம். செமினார் முடிந்ததும், சட்டம் பற்றிப் பேசியவரிடம் 572ஆம் வரியைப் பற்றிக் கேளுங்கள். அந்த வரியைப் பற்றிப் பேசியவரிடம் கிரியோன் ஏன் முதலில் பிணத்திடம் போனான் என்று கேளுங்கள். அது என் பங்கு இல்லை என்ற பதில் வந்தால், அந்தக் குழு இன்னும் சேர்ந்து உட்கார்ந்து நாடகத்தைப் படிக்கவில்லை. மதிப்பெண்ணை அதற்கேற்பப் போடலாம்.